குப்பையில் வீசாத மீனிலும் நஷ்டம்! பழவேற்காடு மீனவர்களின் காசு கரைவது எங்கே? ஐஸ் முதல் ஏலம் வரை... முழு விளக்கம்

2025 ஜூன் மாதம் கிருஷ்ணகிரியில் நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். பெங்களூரா மாம்பழம் கிலோ 5 ரூபாய் அளவுக்கு விழுந்தது. பறிக்கும் கூலிக்குக்கூட கட்டுப்படியாகாமல் விவசாயிகள் பழத்தை மரத்திலேயே விட்டார்கள். பக்கத்தில் இருக்கும் சித்தூர் கூழ் ஆலைகளுக்கு வெளிமாநில மாங்காய் வரக்கூடாது என்று ஆந்திராவில் தடை போட்டார்கள். சாலையோரம் கொட்டிக் கிடந்த பழங்களின் வீடியோ எல்லோருடைய போனுக்கும் வந்து சேர்ந்தது.

மாம்பழம் வீணானால் கண்ணுக்குத் தெரியும். தக்காளி வீணானால் இன்னும் நன்றாகத் தெரியும், சாலையே சிவப்பாகிவிடும். மீன் வீணானால்?

சென்னையிலிருந்து சுமார் 60 கிலோ மீட்டர் வடக்கே, பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிறது கோட்டைக்குப்பம். திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டம், மீஞ்சூர் ஒன்றியத்தில் வரும் ஊராட்சி. இங்கேயும், அடுத்தடுத்து இருக்கும் நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம், கடலோரத்தில் இருக்கும் லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம் பக்கமும் மீனை மலைபோல் கொட்டி யாரும் போராட்டம் நடத்துவதில்லை. பிடித்த மீன் ஏறக்குறைய எல்லாமே விற்றுவிடும். ஆனாலும் நஷ்டம் இருக்கிறது. அது குப்பைத் தொட்டியில் இல்லை, விலையில் இருக்கிறது. அதனால்தான் கேமராவில் சிக்குவதில்லை.

எவ்ளோ நஷ்டம்? ரெண்டு கணக்கு இருக்கு!

அரசு ஆவணங்களைப் பார்த்தால் முதலில் குழப்பம்தான் வரும்.

லூதியானாவில் உள்ள மத்திய அரசின் அறுவடைப் பிந்தைய தொழில்நுட்ப நிறுவனம், சிப்ஹெட், 2015ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன்படி மாம்பழத்தில் வீணாவது 9.16 சதவீதம். கடல் மீனில் 10.52 சதவீதம். ஏரி, குளம் போன்ற உள்நாட்டு மீனில் 5.23 சதவீதம். 2022ல் நாப்கான்ஸ் நிறுவனம் மறுபடி கணக்கெடுத்தபோது மாம்பழம் 8.53, கடல் மீன் 8.76, உள்நாட்டு மீன் 4.86 என்று எல்லாமே கொஞ்சம் இறங்கியிருந்தது. பரவாயில்லையே என்று தோன்றும்.

அதே மத்திய அரசு 2020ல் 20,050 கோடி ரூபாயில் பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தை அறிவித்தது. அதில் எழுதி வைத்த இலக்குகளில் ஒன்று, மீன் பிடித்த பிறகு ஏற்படும் இழப்பை 20-25 சதவீதத்திலிருந்து சுமார் 10 சதவீதமாகக் குறைப்பது.

ஒரு பக்கம் 10.52. இன்னொரு பக்கம் 20-25. எது சரி?

2015 அறிக்கையின் தலைப்பைக் கவனித்தாலே பாதி விடை கிடைக்கும். அதில் ‘அளவு இழப்பு’ என்றே இருக்கிறது. அதாவது எத்தனை கிலோ யாருக்கும் பயன்படாமல் போனது என்பதை மட்டும் எண்ணுகிற கணக்கு. மீன் விற்றுவிட்டதா? அப்படியானால் இழப்பு இல்லை. என்ன விலைக்கு விற்றது என்பது அந்தக் கணக்கின் வேலையே இல்லை.

ஒரு மீனவர் வீட்டின் கணக்கு அப்படி ஓடாது. உதாரணத்துக்கு, 100 கிலோ மீன் வருகிறது, நல்ல விலை கிலோ 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 20,000 ரூபாய் வர வேண்டும். 5 கிலோ கெட்டுப்போய் வீசியாச்சு. 55 கிலோ நல்ல விலைக்குப் போனது. மீதி 40 கிலோ கொஞ்சம் வாடிவிட்டதால் 120 ரூபாய்க்குத் தள்ளிவிட வேண்டியதாயிற்று. கைக்கு வந்தது 15,800 ரூபாய். எடைக் கணக்கில் இழப்பு வெறும் 5 சதவீதம். பணக் கணக்கில் 4,200 ரூபாய், அதாவது 21 சதவீதம்.

ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு இந்த இழப்பை மூன்றாகப் பிரிக்கிறது. வீசப்படுவது ஒன்று. தரம் குறைந்து விலை குறைவது இன்னொன்று. மீன் நன்றாகவே இருந்தும் சந்தை நிலவரத்தால் விலை விழுவது மூன்றாவது. கிருஷ்ணகிரி மாம்பழத்துக்கு நடந்தது பெரும்பாலும் இந்த மூன்றாவது வகை. 2020 மார்ச் ஊரடங்கில் சந்தைகள் மூடப்பட்டபோது மீனுக்கு நடந்ததும் அதுவே. ஆனால் சிறிய மீனவர்களை வருஷம் முழுக்க அரிப்பது இரண்டாவது வகைதான். கானா, கென்யா, மாலி, தான்சானியா, உகாண்டா ஆகிய 5 ஆப்பிரிக்க நாடுகளின் சிறுதொழில் மீனவர்களை வைத்து அந்த அமைப்பு 2010ல் வெளியிட்ட ஆய்வில், மொத்த இழப்பில் 70 சதவீதத்துக்கும் மேல் தரக்குறைவால் வந்தது என்று தெரிந்தது. வீசப்பட்டது 5 சதவீதம் அளவுக்குத்தான்.

‘உள்நாட்டு மீனில் 4.86 சதவீதம்தானே’ என்று யாராவது சொன்னால், அது எடையைப் பற்றிய தகவல் மட்டுமே. மீனவரின் பணத்தைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை.

ஒரு மணி நேரம் லேட் ஆனா என்ன ஆகும்?

மாங்காய் மரத்திலிருந்து பறித்த பிறகும் உயிரோடுதான் இருக்கிறது. மூச்சு விடுகிறது, பழுக்கிறது. அதற்குச் சில நாள் அவகாசம் உண்டு. மீனுக்கு அந்த வசதி இல்லை. உயிர் போன அடுத்த கணமே அதன் உடலில் இருக்கும் நொதிகளும், செவுளிலும் குடலிலும் இருக்கும் பாக்டீரியாக்களும் வேலையைத் தொடங்கிவிடும்.

அந்த வேலையின் வேகத்தைத் தீர்மானிப்பது வெப்பம். 0 டிகிரியில் கெடும் வேகத்தை 1 என்று வைத்தால் 10 டிகிரியில் அது 3 முதல் 4 மடங்கு. 30 டிகிரியில்? ஒரு சூத்திரப்படி 16 மடங்கு, வெப்பமண்டல மீன்களுக்கான இன்னொரு சூத்திரப்படி 30 மடங்கையும் தாண்டும். எந்தச் சூத்திரத்தை எடுத்தாலும் சரி, படகின் அடித்தளத்தில் வெயிலில் கிடக்கும் ஒரு மணி நேரம், ஐஸ் பெட்டிக்குள் இருக்கும் அரை நாளைவிட அதிகமாக மீனைக் கெடுக்கிறது.

இதில் ஒரு விஷயம் முக்கியம். போன தரம் திரும்பி வராது. மூன்று மணி நேரம் வெயிலில் கிடந்த மீனை அப்புறம் காசிமேட்டில் எவ்வளவு பெரிய குளிர்பதனக் கிடங்கில் வைத்தாலும் அது அந்த நிலையிலேயே நிற்கும், புதுசாக ஆகாது. செலவு செய்ய வேண்டிய இடம் சங்கிலியின் கடைசியில் இல்லை, முதல் கண்ணியில் இருக்கிறது.

பழவேற்காட்டின் பெயர் சொல்லும் சரக்கான இறாலில் இது இன்னும் கொடுமை. இறாலின் தலைப்பகுதியில் இருக்கும் ஒரு நொதி, காற்று பட்டதும் ஓட்டில் கறுப்புப் புள்ளிகளை உண்டாக்கும். வெட்டி வைத்த ஆப்பிள் கறுப்பது போலத்தான். அந்தப் புள்ளியால் மட்டும் சாப்பிடுபவருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் வியாபாரி பார்த்த உடனே ‘தலை கறுத்துடுச்சு’ என்பார், விலை இறங்கிவிடும். ஒரு கிராம்கூட வீணாகவில்லை, பணம் மட்டும் போயிற்று. தலையை உடனே கிள்ளி எடுத்து ஐஸில் போட்டால் இது வெகுவாகக் குறையும். தலையோடு எடை போட்டால்தான் காசு என்கிற இடத்தில் அதை யார் செய்வார்கள்?

பாடு வந்த நாளில்தான் வருமானம்

கோட்டைக்குப்பத்தில் இந்தச் சில மணி நேரத்துக்கு இவ்வளவு மதிப்பு இருப்பதற்கு இன்னொரு காரணம், இங்கே நடைமுறையில் இருக்கும் ‘பாடு’.

ஏரியில் இறால் நன்றாகக் கிடைக்கும் இடங்கள் குறைவு. அங்கே எல்லோரும் ஒரே நாளில் வலை கட்டினால் சண்டைதான் வரும். அதனால் யார், எந்த முறை, எந்த இடத்தில் சுத்துவலை கட்டுவது என்பதை ஊருக்குள்ளேயே குலுக்கலும் சுழற்சியும் வைத்து முடிவு செய்கிறார்கள். கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் மூன்றும் இதைக் காலங்காலமாகக் கடைப்பிடித்து வருகின்றன. வெளிநாட்டு ஆய்வாளர்கள்கூட வந்து எழுதிவிட்டுப் போன முறை இது. இந்த உரிமை எல்லாச் சமூகத்துக்கும் கிடையாது என்பது தனி விவாதம்.

முறை வந்த நாளில் நல்ல வருமானம். முறை இல்லாத நாட்களில் வேறு வலை, வேறு இடம், குறைந்த வரும்படி. விவசாயிக்கு ஒரு பறிப்பு போனால் அடுத்த பறிப்பு இருக்கும். பாடு நாளில் பிடித்த இறால் கறுத்துப்போனால், அடுத்த முறை சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும்.

பாடு உரிமை இல்லாத இருளர் குடும்பங்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் எடுக்கிறார்கள். கிடைப்பது சில கிலோ. அவ்வளவு சிறிய சரக்குக்காகத் தனியாக ஐஸ் வாங்குவதும் வண்டி பிடிப்பதும் கட்டுப்படியாகாது. பக்கத்தில் இருக்கும் வியாபாரி சொல்வதுதான் விலை.

ஏரியின் முகத்துவாரம் மணல் மூடி அடைபடுவதும் இந்தக் கதையோடு சேர்ந்ததுதான். கடல் நீர் உள்ளே வரவில்லை என்றால் இறால் குஞ்சும் வராது, பிடிபாடே இல்லாமல் போகும். முகத்துவாரத்தை நிலைப்படுத்தத் தமிழக அரசு 26.85 கோடி ரூபாயில் நேர்கல் சுவர் திட்டத்தை எடுத்தது. பறவைகள் சரணாலயப் பகுதி என்பதால் வன உயிரின அனுமதி வாங்கவே ஆண்டுகள் ஓடின. பிடிபாடு குறையக் குறைய, பிடித்ததைக் கெடாமல் விற்பதற்கான அவசியம் கூடுகிறது.

அப்போ ஐஸ் போட்டா போதாதா?

போதும். ஆனால் அந்த ஐஸ் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு வேண்டும், யார் காசில் வருகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் வேண்டும்.

அளவை முதலில் பார்க்கலாம். 30 டிகிரியில் இருக்கும் 10 கிலோ மீனை 0 டிகிரிக்குக் கொண்டுவர, பள்ளிக்கூட அறிவியல் கணக்குப்படி 3 கிலோவுக்குச் சற்று அதிகமான ஐஸ் போதும். அப்புறம் ஏன் ‘மீன் ஒரு பங்கு, ஐஸ் ஒரு பங்கு’ என்று மீன்வளத் துறையினர் சொல்கிறார்கள்? மீதி ஐஸ் எல்லாம் வெளியே இருந்து உள்ளே வரும் சூட்டோடு சண்டை போட்டே கரைகிறது. மூங்கில் கூடை, ஓட்டை விழுந்த பிளாஸ்டிக் டப், மேலே ஒரு ஈரச் சாக்கு என்று இருந்தால் ஊருக்கே ஐஸ் போடுகிற மாதிரிதான். தடித்த சுவர் வைத்த ஐஸ் பெட்டி இருந்தால் பாதி ஐஸை மிச்சப்படுத்தலாம். ஐஸுக்குக் காசு இல்லை என்பவருக்கு முதலில் தேவைப்படுவது நல்ல பெட்டி.

போடுகிற விதமும் இருக்கிறது. பெரிய கட்டியை இரண்டாக உடைத்து மேலே வைத்தால் கீழே இருக்கும் மீனுக்குக் குளிர் போய்ச் சேராது, கூர்முனை பட்டு மீனின் சதையும் நசுங்கும். பொடியாக உடைத்து, அடியில் ஒரு அடுக்கு ஐஸ், மேலே ஒரு அடுக்கு மீன், மறுபடி ஐஸ் என்று அடுக்க வேண்டும். உருகிய தண்ணீர் வெளியேற வழி வேண்டும், இல்லையென்றால் மீன் ரத்தமும் கசடும் கலந்த தண்ணீரிலேயே ஊறும்.

அடுத்து தண்ணீர். ஐஸ் தயாரிக்கக் குடிக்கத் தகுந்த நீர் வேண்டும். அழுக்குத் தண்ணீரில் செய்த ஐஸ், பாக்டீரியாவைக் குளிரவைத்துக் கூடவே அனுப்பி வைக்கிற வேலையைத்தான் செய்யும். மீஞ்சூர் வட்டாரத்தின் நிலத்தடி நீரில் கடல் நீர் புகுந்த பிரச்னை பல பத்தாண்டுகளாகப் பதிவாகியிருக்கிறது. இதே கடற்கரையில், காட்டுப்பள்ளியில் 2010ல் தொடங்கப்பட்ட கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறன் கொண்டது. அந்தத் தண்ணீர் சென்னைக்குப் போவதற்காகக் கட்டப்பட்டது!

ஐஸ் யாருடையதோ, விலையும் அவருடையது

மூன்றாவது கேள்விக்கு வருவோம். இதுதான் தொழில்நுட்பத்தால் மட்டும் தீராதது.

கடற்கரைக் கிராமங்களில் பரவலாக இருக்கும் வழக்கம் இது. வலை வாங்க, இன்ஜின் பழுது பார்க்க, கல்யாணத்துக்கு, மருத்துவச் செலவுக்கு என்று மீனவர் வியாபாரியிடம் முன்பணம் வாங்குவார். வட்டி என்று தனியாக எதுவும் எழுதப்படாது. பதிலுக்கு, பிடிக்கும் மீனை அவருக்கே கொடுக்க வேண்டும். ஐஸும் அவர்தான் கொண்டு வருவார், பெட்டியும் வண்டியும் அவருடையது. ‘குட்டியானை’ எப்போது கிளம்ப வேண்டும் என்பதும் அவர் முடிவு.

வியாபாரியை வில்லனாக்கிவிட்டால் கதை சுலபமாகிவிடும். அவரும் ரிஸ்க் எடுக்கிறார், பேங்க் கொடுக்காத கடனை நள்ளிரவில்கூடக் கொடுக்கிறார். அது உண்மைதான். ஆனால் மீன் நிமிஷத்துக்கு நிமிஷம் வாடும்போது, காத்திருக்கும் பலம் யாரிடம் இருக்கிறதோ அவர் சொல்வதுதான் விலை. கையில் ஐஸ் இல்லாத மீனவரால் ‘இந்த விலை கட்டாது, நாளைக்குப் பொன்னேரிக்கு எடுத்துட்டுப் போறேன்’ என்று சொல்ல முடியாது. ஐஸ் பெட்டி இருந்தால் மீன் கெடாமல் இருக்கும், அதோடு ஏலத்தில் ‘இல்லை’ என்று சொல்லும் தெம்பும் வரும். இரண்டாவது பலனைத் திட்ட அறிக்கைகளில் காண்பது அரிது.

இந்த முடிச்சை அவிழ்க்க முயன்ற பழைய உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 1980ல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, கடற்கரையிலேயே முதல் விற்பனையை மீனவர் சங்கமே நடத்துவது, அதிலிருந்து சேமிப்பும் கடன் தவணையும் பிடிப்பது என்ற முறையைக் கொண்டு வந்தது. குமரி மாவட்ட மீனவக் கிராமங்களிலும் அதற்குச் சங்கங்கள் உண்டு. கேரள அரசு 2021ல் மீன் ஏலத்துக்கென்றே தனிச் சட்டம் இயற்றி, ஏலக் கமிஷன் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று வரம்பு வைத்தது.

தலைச்சுமையில் போகும் மீன்

கரையில் இறங்கிய மீனில் ஏற்றுமதிக்குப் போகும் இறாலும் பெரிய மீனும் வியாபாரிகள் வழியாகச் சென்னைக்குப் போய்விடும். மீதி, மடவை, கெண்டை, கிழங்கான் போன்றவற்றைத் தெருத்தெருவாக, சந்தை சந்தையாகக் கொண்டுபோய் விற்பவர்கள் பெண்கள்.

அவர்கள் கையில் இருப்பது ஓர் அன்னக்கூடை. பொன்னேரி சுமார் 20 கிலோ மீட்டர். பஸ்ஸிலோ ஷேர் ஆட்டோவிலோ போக வேண்டும். ஐஸ் உருகி ஒழுகினால் கண்டக்டர் சத்தம் போடுவார் என்பதற்காகவே ஐஸைக் குறைத்துப் போடுவது இந்தத் தொழிலில் புதிதல்ல. 2021 டிசம்பரில் கன்னியாகுமரி மாவட்டம் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வந்த மூதாட்டியை நாற்றம் அடிக்கிறது என்று அரசு பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்ட வீடியோ தமிழ்நாட்டையே அதிர வைத்தது. முதல்வர் கண்டித்தார், ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அன்று பேசப்பட்டது மரியாதை பற்றி. அதில் மீன் எப்படிப் பயணிக்கிறது என்ற கேள்வியும் இருந்தது, அதை யாரும் எடுக்கவில்லை.

மாலை ஆக ஆக, கூடையில் மிஞ்சும் மீனை ‘கூறு’ கட்டிக் கிடைத்த விலைக்குக் கொடுப்பார்கள். அதற்கும் மிஞ்சினால் உப்பு போட்டுக் கருவாடு.

கருவாடு: காப்பாற்றுமா, கைவிடுமா?

காய வைத்த மீனைப் பறவை கொத்தாமல் நெய்தல் நிலத்துப் பெண் காவல் இருக்கும் காட்சி நற்றிணையிலேயே வருகிறது. பிடித்த மீனை வீணாகாமல் காப்பது தமிழர்களுக்கு 2,000 ஆண்டு பழைய வேலை.

இன்றைக்கும் பல இடங்களில் மணலில் பாய் விரித்துத்தான் காயவைக்கிறார்கள். மணல் ஒட்டும், ஈ முட்டை வைக்கும், சேமித்து வைத்த கருவாட்டை வண்டு அரிக்கும். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் இரண்டு நாள் வெயில் இல்லை என்றால் மொத்தமும் புழுத்துப் போகும். மீனும் போச்சு, உப்புக் காசும் போச்சு. தரையில் இருந்து உயர்த்திக் கட்டிய வலைத் தட்டி ஒன்று இருந்தாலே மேலும் கீழும் காற்றோடி வேகமாகக் காயும், மணலும் ஒட்டாது. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், சிஃப்ட், வெயில் இல்லாத நேரத்தில் மின்சாரத்திலோ எரிவாயுவிலோ ஓடும் சூரிய உலர்த்திகளை உருவாக்கியிருக்கிறது. நெத்திலிக்கும் சிறு இறாலுக்கும் இது நன்றாக உதவும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். ஏற்கெனவே கெட்டுப்போன மீனைக் கருவாடு ஆக்கினால் கெட்ட கருவாடுதான் கிடைக்கும். அதுவும் கானாங்கெளுத்தி, சூரை போன்ற மீன்கள் வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற நச்சு உருவாகும். காய வைத்தாலும் கொதிக்க வைத்தாலும் அது போகாது.

நண்டு மட்டும் தப்பிப்பது எப்படி?

பழவேற்காட்டில் பிடிபடும் எல்லாவற்றிலும் சேற்று நண்டின் கதை வேறு. கொடுக்கைக் கயிற்றால் கட்டி, ஈரச் சாக்கு போட்டு நிழலில் வைத்தால் தண்ணீர் இல்லாமலே சில நாட்கள் உயிரோடு இருக்கும். இங்கிருந்து சிங்கப்பூர் வரை விமானத்தில் உயிரோடு போகிறது. உயிரோடு இருப்பதால் கெடுவதில்லை, கெடாததால் பிடித்தவருக்கும் பேரம் பேச நேரம் இருக்கிறது.

அதிலும் விலை விழும் ஓர் இடம் உண்டு. புதிதாக ஓடு மாற்றிய நண்டை ‘தண்ணி நண்டு’ என்பார்கள். உள்ளே சதை இருக்காது, நீர்தான். பார்க்கப் பெரிதாக இருந்தாலும் விலை கிடைக்காது. அதையே 20 முதல் 30 நாள் கூண்டிலோ குட்டையிலோ விட்டு, கழிவு மீன் போட்டுக் கொழுக்க வைத்தால் முழு விலைக்குப் போகும். விற்றுத் தொலைக்காமல் காத்திருந்தால் விலை கூடுகிற ஒரே சரக்கு இது. ஆனால் அந்த 30 நாள் காத்திருக்கத் தீனிக்கும் கூண்டுக்கும் காசு வேண்டும். அன்றாடம் அடுப்பு எரியவும் வேண்டும்.

அரசு என்ன தருகிறது?

மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் ஐஸ் ஆலை, குளிர்பதனக் கிடங்கு, குளிரூட்டிய லாரி முதல் ஐஸ் பெட்டி பொருத்திய பைக், ஆட்டோ வரை மானியம் உண்டு. பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்களுக்கு 60 சதவீதம். ஐஸ் பெட்டி பைக்குக்குத் திட்டம் வைத்திருக்கும் மதிப்பு 75,000 ரூபாய். ஒரு பெண் விண்ணப்பித்தால் 45,000 ரூபாய் மானியம், 30,000 ரூபாய் கையிலிருந்து போட வேண்டும். ஐஸ் பெட்டி ஆட்டோ 3 லட்சம் என்றால் பெண்களின் பங்கு 1.20 லட்சம். திட்டம் 2025-26 வரை நீட்டிக்கப்பட்டது. இதற்கும் முன்பாக 2018-19ல் 7,522 கோடி ரூபாயில் மீன்வள உட்கட்டமைப்பு நிதியும் தொடங்கப்பட்டது. அது பெரும்பாலும் துறைமுகம், பெரிய கிடங்குகளுக்கான கடன்.

காகிதத்தில் நல்ல திட்டம்தான். சிக்கல், அந்த 30,000 ரூபாயை எங்கே புரட்டுவது என்பதில் ஆரம்பிக்கிறது. முன்பணம் கொடுக்கும் அதே வியாபாரியிடம் போய் நின்றால், வண்டி வந்தாலும் பிடி மாறாது. பைக் ஓட்டத் தெரியாத, 50 வயதைத் தாண்டிய மீன் விற்கும் பெண்ணுக்கு பைக் மானியத்தால் என்ன பயன் என்பதும் நியாயமான கேள்வியே. நாலைந்து பேர் கொண்ட மகளிர் குழுவாகச் சேர்ந்து ஓர் ஆட்டோ எடுத்தால் கணக்கு சரியாக வரும். அதற்கு ஓட்டுநரும் வேண்டும், ஊரில் இறங்கும் இடத்தில் சுத்தமான ஐஸும் வேண்டும்.

மீன்வளப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரி பொன்னேரியிலேயே இருக்கிறது. இறால் தலை ஏன் கறுக்கிறது, ஐஸை எப்படி அடுக்க வேண்டும் என்று பாடம் நடத்தும் வகுப்பறைக்கும் கோட்டைக்குப்பம் கரைக்கும் நடுவே ஒரு பஸ் பயணம்தான் தூரம்.

மீன் வாங்கும் உங்களுக்கு இதில் என்ன இருக்கு?

ஐஸ் இல்லாத இடத்தில்தான் குறுக்கு வழிகள் முளைக்கின்றன. மாம்பழத்துக்கு கார்பைடு கல் என்றால் மீனுக்கு ஃபார்மலின். இரண்டுக்குமே உணவுப் பாதுகாப்பு விதிகளில் இடமில்லை. 2018ல் கேரளாவில் ‘ஆபரேஷன் சாகர் ராணி’ என்ற பெயரில் நடந்த சோதனைகளில் ஃபார்மலின் கலந்த மீன் டன் கணக்கில் பிடிபட்டது. அதே ஆண்டு சிஃப்ட் நிறுவனத்தின் உடனடிப் பரிசோதனை அட்டையும் பிரபலமானது. ஆனால் பல நாள் பயணம் செய்து, கைமாறி வரும் மீனில்தான் இந்தக் கலப்படத்துக்குத் தேவை அதிகம். காலையில் பிடித்து மதியத்துக்குள் விற்கும் ஏரி மீனில் அதற்கு அவசியமே இல்லை.

கடையில் செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கக் கூடாது. கண் உள்வாங்கி வெளுத்திருந்தால் வேண்டாம். இறாலில் தலை தளர்ந்து தொங்கினால் அது வெயில் பார்த்த சரக்கு.

இன்னொன்று. ‘ஐஸ் வச்ச மீனா? அப்போ பழசு’ என்று நம்மில் பலர் கூடையைத் தாண்டிப் போய்விடுகிறோம். அதனால் விற்பவர் ஐஸை ஒளித்து வைக்கிறார், அல்லது போடாமலே கொண்டு வருகிறார். கூடையில் ஐஸ் இல்லாமல் பளபளவென்று கிடக்கும் மீன் எத்தனை மணி நேரமாக வெயிலில் கிடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. பிடித்த உடனே ஐஸில் போட்டு நேற்று வந்த மீன், ஐஸே பார்க்காமல் இன்று காலை வந்த மீனைவிட நன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். அடுத்த முறை வாங்கும்போது ‘எப்போ பிடிச்சது?’ என்பதோடு ‘எப்போ ஐஸ் போட்டீங்க?’ என்றும் கேட்டுப் பாருங்கள்.